தனியாக க்ரூகர் போகிறவர்களுக்கு: விலங்குகளைக் கண்டுபிடிப்பது, அடையாளம் சொல்வது

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குள் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு தனி ஆளாகவே சுற்றலாம், வழிகாட்டி கட்டாயமில்லை. முக்கியச் சாலைகள் தார் போட்டவை, நம்மூர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்டவேண்டும், சின்ன காரே போதும். ஆனால் இடம் கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர். ஓட்டுவதும் நீங்களே தேடுவதும் நீங்களே என்னும்போது, ஜீப்பில் கூட்டமாகப் போகிறவர்கள் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தால் இம்பாலா மான்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பவேண்டியதுதான். அதனால் நான் சொல்வது இதுதான்: நீங்கள் தேடுவதைக் குறைத்துக்கொண்டு, உயிர் பயத்தோடு நாள் முழுக்கச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருக்கிற மான், குரங்கு, பறவைகளைக் கவனியுங்கள். சிங்கம் எங்கே என்பது அவற்றுக்குத்தான் முதலில் தெரியும்.

காலம் முக்கியம். மே முதல் செப்டம்பர் வரை அங்கே வறண்ட குளிர்காலம். புல் காய்ந்து படுத்திருக்கும், பல மரங்களில் இலை இருக்காது, தண்ணீர் ஆறுகளிலும் சில குட்டைகளிலும் மட்டும் மிஞ்சும், விலங்குகள் அங்கே வந்துதான் ஆகவேண்டும். நவம்பர் வாக்கில் மழை வந்துவிட்டால் காடு பச்சைப்பசேலென்று ஆகிவிடும், இம்பாலா குட்டிகள் பிறக்கும், பறவை பார்க்கிறவர்களுக்கு அருமையான காலம், ஆனால் சாலையை ஒட்டிப் படுத்திருக்கும் சிங்கம்கூடப் புல்லில் மறைந்துவிடும். முதல் தடவை என்றால் குளிர்காலமே நல்லது. பூங்காவுக்குள்ளேயே இருக்கும் முகாம்களில் தங்குங்கள், காலையில் கதவு திறந்ததும் வெளியேறும் முதல் சில வண்டிகளில் உங்கள் வண்டியும் இருக்கட்டும். கதவு நேரம் மாதத்துக்கு மாதம் மாறும், முகாமில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கெட் மறக்கவேண்டாம், விடியற்காலையில் நன்றாகவே குளிரும்.

சிறுத்தை பார்க்கவேண்டுமென்றால் ஸ்குகுசா முகாமிலிருந்து லோயர் சாபி முகாமுக்கு சாபி ஆற்றை ஒட்டிப் போகும் எச்4-1 சாலை. சிங்கத்துக்கு சதாரா முகாமைச் சுற்றியுள்ள புல்வெளி, குறிப்பாக எஸ்100 என்ற மண் சாலை. ஒன்றுமே தோன்றவில்லையா, லோயர் சாபிக்கு வெளியே உள்ள சன்செட் டாம் என்ற அணை நீர்த்தேக்கத்தின் கரையில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு உட்காருங்கள். நீர்யானை, முதலை, கொக்கு, நாரை எல்லாம் அங்கேயே இருக்கும், மற்றவை தண்ணீர் குடிக்க வரும்.

வேகத்துக்கு வருவோம். தார்ச் சாலையில் 50, மண் சாலையில் 40 கிலோமீட்டர் என்பது சட்டம். அந்த வேகத்திலும் தனி ஆளால் எதையும் பார்க்க முடியாது, 20 அல்லது 25-இல் போங்கள். இன்னும் நல்லது, ஓடும்போது தேடவே தேடாதீர்கள். ஒரு வளைவு, ஒரு பாலம், ஒரு நிழல் என்று பார்த்து நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, பைனாகுலரை எடுத்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நிதானமாகப் பாருங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலர் போதும், அதற்கு மேல் பெரிதாக்கினால் கை நடுங்குவதும் பெரிதாகத் தெரியும். புதரைப் பார்க்காமல் புதருக்கு உள்ளே, அதற்குப் பின்னால் பாருங்கள். முழு விலங்கு தெரியுமென்று காத்திருந்தால் தெரியவே தெரியாது. காதின் அசைவு, கொம்பின் ஒரு வளைவு, நேராக நிற்கும் மரங்களுக்கு நடுவே படுக்கைவாட்டில் ஒரு முதுகுக் கோடு, இவைதான் கிடைக்கும். சிறுத்தை என்றால் ஆற்றோர அத்தி, மருலா மாதிரியான பெரிய மரங்களின் தடித்த கிளைகளைப் பார்த்துக்கொண்டே போங்கள். கிளையோடு ஒட்டிப் படுத்திருக்கும் உடல் தெரியாது, கீழே தொங்கும் வால்தான் காட்டிக்கொடுக்கும். சில சமயம் அது மேலே தூக்கிவைத்த இம்பாலாவின் கால் தொங்கும்.

இப்போது காவல்காரர்கள். இம்பாலாக் கூட்டம் தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தால் ஒன்றுமில்லை. எல்லாம் தலையைத் தூக்கி ஒரே திசையில் பார்த்தபடி அசையாமல் நின்று, நடுவில் ஒன்று மூக்கால் 'ஃப்ஷ்' என்று பலமாகச் சீறினால், எஞ்சினை அணையுங்கள். மான்களைப் பார்க்காமல் அவை பார்க்கும் இடத்தைப் பாருங்கள். அங்கிருந்து கிளம்ப அவசரப்படாதீர்கள், சிறுத்தை ஏமாந்துபோய் எழுந்து நடக்கும் நேரம் அதுதான். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் ஆண் இம்பாலா இனச்சேர்க்கைப் போட்டியில் போடும் கரகரத்த உறுமலைக் கேட்டால் பெரிய விலங்கு ஏதோ பக்கத்தில் இருக்கிறது என்றே தோன்றும். அந்தச் சத்தத்தோடு ஒரு கிடா மற்றவற்றைத் துரத்திக்கொண்டு ஓடினால் அது வேறு கதை, எச்சரிக்கை இல்லை. குடு மான் நாய் மாதிரிக் குரைக்கும். பபூன் குரங்கு தொண்டை கிழிய 'வஹூ' என்று கத்தும். ஒட்டகச்சிவிங்கி சத்தம் போடாது, ஆனால் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே பக்கம் வெறித்துப் பார்த்தால் அந்தப் பக்கம் சிங்கம் இருக்க வாய்ப்பு அதிகம்.

வெர்வெட் குரங்குகள் இன்னும் ஒரு படி மேல். கென்யாவின் அம்போசெலியில் ராபர்ட் சேஃபார்த், டோரதி செனி, பீட்டர் மார்லர் மூவரும் செய்து 1980-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல் என்று தனித்தனியாக எச்சரிக்கின்றன என்று காட்டினார்கள். உங்களுக்குக் குரல் வித்தியாசம் பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை. குரங்குகள் மரத்தில் ஏறினால் சிறுத்தை, அண்ணாந்து பார்த்தால் கழுகு, பின்னங்காலில் நின்று புல்லை உற்றுப் பார்த்தால் பாம்பு.

பிணந்தின்னிக் கழுகுகளையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். காலையில் மரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் அவை வெயில் ஏறிக் காற்று சூடாகக் காத்திருக்கின்றன, அவ்வளவுதான். கால்களைத் தொங்கவிட்டபடி ஒன்றன்பின் ஒன்றாக இறங்கினால் கீழே இரை இருக்கிறது. பகலில் சுற்றியுள்ள மரங்களில் நிறைய உட்கார்ந்தும் ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை என்றால் இரைக்குச் சொந்தக்காரர் இன்னும் போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மண் சாலையில் காலடித் தடத்தையும் ஜன்னல் வழியாகப் பாருங்கள். சிங்கம், சிறுத்தை தடத்தில் நகம் பதியாது, கழுதைப்புலி, காட்டுநாய் தடத்தில் பதியும், சீட்டா (சிவிங்கிப்புலி) மட்டும் பூனை இனத்தில் விதிவிலக்கு, அதன் நகமும் பதியும். டயர் தடத்தின் மேல் காலடி பதிந்திருந்தால் வண்டி போன பிறகு விலங்கு போயிருக்கிறது.

சரி, பார்த்தாயிற்று, என்ன விலங்கு? நிறத்தில் ஆரம்பிக்காதீர்கள், வெயிலும் சேறும் நிறத்தை மாற்றிவிடும். மான்களைப் பெரும்பாலும் அவை ஓடும்போதுதான் பார்ப்போம், ஆகவே பின்பக்கத்தைக் கற்றுக்கொள்வது லாபம். இம்பாலாவுக்கு வாலோடு சேர்த்து மூன்று கறுப்புக் கோடுகள், பின்னங்கால் கணுவுக்கு மேல் கறுப்பு முடிக்கொத்து. வாட்டர்பக்குக்கு வாலைச் சுற்றி வெள்ளை வளையம், பெயிண்டால் போட்ட மாதிரி இருக்கும். குடுவுக்கு உடம்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள், பெரிய காதுகள், ஆணுக்கு முறுக்கிய நீண்ட கொம்பு. குடு மாதிரியே இருந்து முழங்காலுக்குக் கீழே மட்டும் மஞ்சளாக இருந்தால் அது ஆண் நியாலா, வடக்கே பஃபூரி பக்கம் நன்றாகப் பார்க்கலாம். தனியாக நிற்கும் ஆட்டுக்குட்டி அளவு செம்பழுப்பு மான், காது மட்டும் பெரிது என்றால் ஸ்டீன்பக். மூக்கின் மேல் கறுப்புக் கோடு ஓடினால் டைக்கர்.

சிறுத்தைக்கும் சீட்டாவுக்கும் குழப்பம் வரும். சிறுத்தையின் புள்ளிகள் பூப்போலக் கூட்டமாக, நடுவில் வெற்றிடத்தோடு இருக்கும். சீட்டாவுக்குத் தனித்தனியான கறுப்புப் புள்ளிகள், கண்ணிலிருந்து வாய் வரை கறுப்புக் கண்ணீர்க் கோடு, நீண்ட கால்கள். பட்டப்பகலில் திறந்த புல்வெளியில் கறையான் புற்றின் மேல் ஏறி நிற்பது அநேகமாக சீட்டாதான்.

யானையில் நமக்குப் பழகிய கணக்கு செல்லாது, அங்கே பெண்ணுக்கும் தந்தம் உண்டு. பக்கவாட்டிலிருந்து நெற்றியைப் பாருங்கள், உருண்டு இறங்கினால் ஆண், கோணமாக மடங்கினால் பெண். கன்னத்தில் மதநீர் வழிந்து, பின்னங்கால்கள் சிறுநீரில் நனைந்திருந்தால் மதத்தில் இருக்கிறது, அடையாளம் பார்த்தது போதும், மெல்லப் பின்வாங்குங்கள்.

காண்டாமிருகத்தில் 'வெள்ளை', 'கறுப்பு' என்ற பெயர்களை நம்பவேண்டாம், இரண்டுமே சாம்பல் நிறம்தான். தலையைத் தரையோடு தாழ்த்தி, அகலமான உதட்டால் புல் மேய்ந்தால் வெள்ளை. தலை நிமிர்ந்து, கூர்மையான மேலுதட்டால் புதரைக் கடித்தால் கறுப்பு. ஓடும்போது குட்டி தாய்க்கு முன்னால் போனால் பெரும்பாலும் வெள்ளை, பின்னால் போனால் கறுப்பு. இதைவிட முக்கியமான ஒன்று: காண்டாமிருகத்தை எங்கே பார்த்தீர்கள் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். படத்தை இணையத்தில் போடுவதானால் இடம், நேரம் எதுவும் இல்லாமல், போனில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு, ஊருக்குத் திரும்பிய பிறகு போடுங்கள். கொம்புக்காக அவற்றைக் கொல்கிறவர்களும் அதே படங்களைப் பார்க்கிறார்கள். ஒரு லைக்குக்காக ஒரு உயிரைக் காட்டிக்கொடுப்பது சின்ன விஷயம் இல்லை.

மற்றவற்றைத் தாராளமாகப் பகிருங்கள். எதிரே வரும் காரைப் பார்த்துக் கை காட்டினால் பெரும்பாலும் நிறுத்துவார்கள். முதலில் வணக்கம் சொல்லிவிட்டு, நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள், அப்புறம் கேளுங்கள். முகாம்களில் இருக்கும் பலகையில் யார் எங்கே என்ன பார்த்தார்கள் என்று குறித்திருப்பார்கள், நேற்றுச் சிங்கம் இரை அடித்த இடத்தில் இன்று காலையும் இருக்க வாய்ப்புண்டு.

தனியாக இருப்பதால் சில கண்டிப்புகள். அனுமதித்த இடங்கள் தவிர எங்கும் வண்டியை விட்டு இறங்கக்கூடாது, டயர் பஞ்சரானாலும்கூட. அனுமதிச் சீட்டில் உள்ள அவசர எண்ணை முதலிலேயே போனில் பதிந்துகொள்ளுங்கள், சிக்னல் இல்லையென்றால் அடுத்த வண்டி வரும்வரை உள்ளேயே இருங்கள். யானைக்கூட்டம் சாலையில் நின்றால் தள்ளி நிறுத்தி, திரும்பிப்போக வழி விட்டுவையுங்கள். தண்ணீர் நிறைய இருக்கட்டும். மலேரியா பகுதி அது, கிளம்புவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு செலவு மட்டும் தயங்காமல் செய்யுங்கள். வந்த முதல் ஒன்றிரண்டு நாளிலேயே பூங்கா நிர்வாகம் நடத்தும் மாலைச் சவாரியில் ஒரு இடம் பதிவு செய்யுங்கள். இருட்டிய பிறகு நீங்களாக ஓட்ட அனுமதி இல்லை, புனுகுப்பூனை, முள்ளம்பன்றி, தேவாங்கு மாதிரியான சின்ன புஷ்பேபி எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். முடிந்தால் வழிகாட்டிக்குப் பக்கத்தில் உட்காருங்கள், அவர் விளக்கை எங்கே அடிக்கிறார், எதைப் பார்த்து வண்டியை நிறுத்துகிறார் என்று கவனித்து, ஏன் என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள்.