பூட்ஸைப் பரணில் ஏற்றாதீர்கள்

சென்ற ஜனவரியில் ஒரு ஞாயிறு. வாலிநோக்கம் உப்பளத்து வரப்பில் விடிவதற்கு முன்பே ஏழு பேர் கூடியிருந்தோம். வலசை வந்திருக்கும் உள்ளான் பறவைகளை எண்ணுவதற்காக ஆண்டுதோறும் போகும் நடை அது. நால்வர் புதியவர்கள். அவர்களில் கீழக்கரைப் பையன் ஒருவன் அட்டைப்பெட்டியும் கையுமாக வந்திருந்தான். பெட்டியைத் திறந்து, மெல்லிய தாளை விலக்கி, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தைப் பத்திரமாக ஓரத்தில் வைத்துவிட்டு, பழுப்பு நிறத் தோல் பூட்ஸை வெளியே எடுத்தான். துபாயில் இருக்கும் மாமா வாங்கி வந்தது. இமயமலைக்குப் போகும்போது போடலாம் என்று எடுத்து வைத்தது.

“எப்போது வாங்கியது தம்பி?” என்று கேட்டேன்.

“நான் பத்தாவது படிக்கும்போது, சார்.”

இப்போது அவன் வேலைக்குப் போகிறான். இவனுடைய நடை இரண்டு கிலோமீட்டரில் முடியும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். ஒன்றரையிலேயே முடிந்துவிட்டது.

நகத்தை வெட்டுங்கள், லேஸை ஒழுங்காகக் கட்டுங்கள், புது பூட்ஸோடு நெடுந்தூரம் போகாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் செய்யமாட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். நானே செய்து பணத்தையும் பாதத்துத் தோலையும் இழந்து, இன்று அடுத்தவர் செய்யும்போது பல்லைக் கடிக்க வைக்கிற சில தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எண்ணை நம்பி வாங்குவது

“எனக்கு எட்டு” என்று சொல்லி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கம்பெனியின் எட்டு? ஒன்றின் எட்டு இன்னொன்றின் ஏழரை. நீளம் பொருந்தினாலும் அகலம் பொருந்தாது. சிறு வயதில் வெறுங்காலோடும் பிறகு செருப்போடும் வளர்ந்த நம்மில் பலருக்கு விரல்கள் விரிந்து, பாதத்தின் முன்பகுதி அகன்றிருக்கும். ஒடுங்கிய மூக்குள்ள பூட்ஸில் அந்தக் காலைத் திணித்தால் முதலில் சுண்டுவிரல் அழும்.

ஒரு வெள்ளைத் தாளில் ஏறி நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். உட்கார்ந்துகொண்டு போடாதீர்கள், எடை இறங்கினால்தான் பாதம் தன் உண்மையான அகலத்தைக் காட்டும். கடையில் பூட்ஸுக்குள் இருக்கும் உள்ளட்டையை உருவி அந்தத் தாளின்மேல் வையுங்கள். கோடு அட்டைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அந்தச் சோடி உங்களுக்கானது அல்ல. மாலையில் போங்கள், அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். நடைக்குப் போடும் காலுறையையே போட்டுக்கொண்டு போங்கள். லேஸ் கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளி விரல்நுனி முட்டும்படி நின்றால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு லேஸைக் கட்டிக்கொண்டு கடையின் மாடிப்படியில் நாலு தடவை இறங்குங்கள். இறங்கும்போது விரல் முன்னால் இடித்தால், கடைக்காரர் “போடப் போட இளகிவிடும்” என்று சொல்வதைக் காதில் வாங்காதீர்கள். தோல் பக்கவாட்டில் இளகும். நீளத்தில் இளகாது.

தண்ணீர் புகாத பூட்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பது

மலையில் குளிர்மழையில் நடப்பவருக்கு அது நல்ல பொருள். உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். வெளியிலிருந்து நீரை விடாது, உள்ளிருந்து வியர்வை ஆவியை வெளியேற்றும். வெளிக்காற்று உலர்ந்து குளிர்ந்திருந்தால்தான் அந்த ஆவி ஒழுங்காக வெளியேறும். நம் கடற்கரைக் காற்று தானே ஈரத் துணி மாதிரி இருக்கிறது. வியர்வை உள்ளேயே தங்கி, பத்து மணிக்கெல்லாம் கால் அவியத் தொடங்கிவிடும். போதாக்குறைக்கு, ஓர் அலை கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டால் அந்த பூட்ஸ் இரண்டு வாளிகள். தண்ணீரை உள்ளே விடாத சவ்வு, புகுந்ததை வெளியேயும் விடாது. இந்தக் கரைக்கு வலைத்துணி போட்ட, காற்றோட்டமுள்ள, நனைந்தால் சீக்கிரம் காய்கிற பூட்ஸே போதும்.

பருத்திக் காலுறை

வேண்டாம். ஊறும், உரசும், கொப்புளம் போடும்.

நல்ல நாளுக்கென்று எடுத்து வைப்பது

இதுதான் இன்றும் என் வயிற்றெரிச்சல்.

2008-இல் சென்னையில் என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து ஒரு சோடி பூட்ஸ் வாங்கினேன். நான்கு முறை போட்டேன். பிறகு, இவ்வளவு விலை கொடுத்ததை உப்பிலும் மணலிலும் கெடுப்பானேன் என்று தோன்றியது. துடைத்து, இரண்டு பாச்சை உருண்டை போட்டு, பாலிதீன் பையில் இறுகக் கட்டி, பெட்டிக்குள் வைத்து, பரணில் ஏற்றினேன். கரைக்குப் போக மலிவான கான்வாஸ் ஷூ. பட்டுப்புடவையைப் பீரோவில் வைத்துவிட்டு நூல்சேலையைத் தேய்க்கும் வீட்டில் வளர்ந்தவன் வேறு என்ன செய்வான்?

2015 பிப்ரவரியில் வெளியூர் நண்பர்கள் வந்தார்கள். தனுஷ்கோடி வரை இன்றைக்கு இருக்கும் தார்ச்சாலை 2017-இல் திறக்கப்பட்டது. அப்போதெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் மணல்தான், வேன் அல்லது நடை. நடப்போம் என்றேன், பெருமையாக. ஏழு ஆண்டுக்குப் பின் பூட்ஸ் கீழே இறங்கியது. பார்வைக்குப் புத்தம் புதிது. 1964 புயலில் அழிந்த தேவாலயத்தின் சுவர்கள் தூரத்தில் தெரியத் தொடங்கியபோது வலது குதிகாலில் ஏதோ தட்டியது. குனிந்து பார்த்தால், கீழ்ச் சோல் பின்பக்கம் வாயைப் பிளந்து தொங்கியது. இன்னும் நூறடியில் முழுதாகக் கழன்று, மணலில் நாக்குமீன் மாதிரி தட்டையாகக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் இடது காலும் அதன் வழியே போயிற்று. மேல்தோலுக்கும் கீழ் ரப்பருக்கும் நடுவில் இருந்த பஞ்சுப் பகுதியை விரலால் தொட்டேன். தேநீரில் ஊறிய ரொட்டித் துண்டு போல உதிர்ந்தது.

ஓலைக் குடிசையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நைலான் கயிறு கொடுத்தார். சோலை பூட்ஸோடு வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிக்கொண்டேன். “எங்களுக்கு இந்தத் தொந்தரவே இல்லை தம்பி” என்றார், தன் வெறுங்காலைக் காட்டி. நண்பர்கள் அரிச்சல்முனை வரை போய்த் திரும்பினார்கள். நான் அந்தக் குடிசை நிழலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நடந்தது என்னவென்றால், நல்ல நடை பூட்ஸ் பலவற்றின் நடுச் சோல் பாலியூரித்தேன் என்னும் நுரையால் ஆனது. பாதத்துக்கு மெத்தை அதுதான். காற்றிலுள்ள ஈரம் அந்த நுரைக்குள் நுழைந்து, அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுகிறது. வெப்பமும் ஈரமும் கூடினால் வெட்டும் வேகமும் கூடும். மேலே தோல் பளபளக்கும், கீழே ரப்பரின் பற்கள் தேயாமல் இருக்கும், நடுவில் மட்டும் அரிசி மூட்டைக்குள் வண்டு புகுந்த கதை. நடந்தாலும் நடக்காவிட்டாலும் இது நடக்கும்; ஆனால் நடந்துகொண்டே இருக்கும் பூட்ஸில் ஒவ்வோர் அடியும் நுரையை அழுத்தி விடுவதால் ஈரம் உள்ளே தேங்குவது குறைகிறது. கிடப்பில் போட்டதுதான் முதலில் போகும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று இரண்டு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு, ஓட்டுக்கடியில் வேகும் பரணில், பாலிதீன் பையில் இருந்த ஈரத்தோடு சேர்த்துக் கட்டி வைத்தேனே, அதைவிட நன்றாக ஒரு பூட்ஸைக் கொல்ல முடியாது.

பழுதுபார்க்கலாம் என்று ராமநாதபுரத்தில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். நடுச் சோலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு தன் பசை டப்பாவை மூடினார். “பசை எதைப் பிடிக்கும் சார்? பிடிக்க அங்கே ஒன்றும் இல்லையே” என்றார். அவர் சொன்னது சரி. நுரையே செத்தபின் ஒட்டுவதில் பயனில்லை. நடுச் சோலோடு முழு அடியையும் மாற்றும்படி செய்யப்பட்ட பூட்ஸ்களும் உண்டு. அந்த வேலை எல்லா ஊரிலும் நடக்காது, செலவும் புதிதுக்குப் பக்கத்தில் வரும்.

ஆகவே, வாங்கும்போதே, லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கின் உள்பக்கம் தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். பல சீட்டுகளில் தயாரித்த மாதமும் ஆண்டும் பொடி எழுத்தில் இருக்கும். பாதி விலைக்குத் தள்ளுபடி என்றால் கட்டாயம் பாருங்கள். கிடங்கில் நாலு வருடம் கிடந்தது உங்களுக்குப் புதிது, நுரைக்குக் கிழடு. வீட்டில் இருப்பதை எடுத்து, நடுச் சோலில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். அழுத்திய பள்ளம் மேலே எழாமல் அப்படியே நின்றால், அல்லது பூட்ஸை வளைக்கும்போது பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால், அதை நம்பி ஊரைத் தாண்டாதீர்கள். பார்க்க நன்றாக இருந்தாலும், நெடுநாள் கிடந்ததைப் போட்டுக்கொண்டு முதலில் வீட்டைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் நடங்கள். பிய்ந்தால் வாசலிலேயே பிய்யட்டும்.

எடை குறைந்த பூட்ஸ்களில் இ.வி.ஏ. என்னும் வேறு நுரை வரும். அது ஈரத்துக்கு இப்படி உதிராது. நடக்க நடக்க அமுங்கித் தட்டையாகும், அவ்வளவுதான். நான் இப்போது அதைத்தான் போடுகிறேன்.

கீழக்கரைப் பையனிடம் அன்று இதையெல்லாம் நடப்பதற்கு முன்பே சொன்னேன். “ஒரு தடவைகூடப் போடாதது சார், அது எப்படிக் கெடும்?” என்றான். நானும் அந்தக் குடிசை நிழலில் உட்கார்ந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். உப்பு வரப்பில் அவனுடைய இரண்டு சோல்களும் கிடந்ததைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அவன் மட்டும் அவற்றைப் பொறுக்கி, பெட்டிக்குள் வைத்து, அந்தச் சிறு பொட்டலத்தையும் திரும்பப் போட்டு மூடினான்.

கிணற்று நீரில் கழுவுவது

கடலோரம் நடந்துவிட்டு வந்தால் அன்றிரவே உப்பைக் கழுவ வேண்டும். தங்கிவிட்ட உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தோல் விறைத்து வெடிக்கும், லேஸ் கொக்கிகள் துருப்பிடிக்கும். இது பலருக்குத் தெரிந்திருக்கிறது. எதில் கழுவுகிறோம் என்பதைத்தான் பார்ப்பதில்லை. நம் பக்கத்துக் கிணறும் ஆழ்துளைக் குழாயும் பல இடங்களில் உவர். நான் இரண்டு வருடம் கழுவிக் கழுவி உப்பேற்றிக்கொண்டிருந்தேன். காய்ந்தபின் தோலில் வெள்ளைக் கோடு ஏன் போகவில்லை என்று ஆராய்ச்சி வேறு. குடிநீரில் இரண்டு சொம்பும் பழைய பல்துலக்கியும் போதும். குடம் கணக்கில் குடிநீர் வாங்கும் வீட்டில் இதற்காகத் திட்டு விழும். நானும் வாங்கியிருக்கிறேன்.

மொட்டை மாடி வெயில்

தோல் சுருங்கும், பசை விடும். உள்ளட்டையை உருவிவிட்டு, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, நிழலில் காற்று படும்படி வையுங்கள். தாள் நனைந்ததும் மாற்றுங்கள். முதல் நாள் இரவு இரண்டு தடவையாவது மாற்ற வேண்டியிருக்கும். ஐப்பசி அடைமழையில் மின்விசிறிக்கடியில் வைக்கலாம். அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

தேங்காய் எண்ணெய்

தோலைத் தொளதொளக்க வைக்கும், பூஞ்சை பிடிக்கும். எங்கள் வீட்டில் எலி வந்து பூட்ஸின் நாக்கைத் தின்றுவிட்டுப் போயிற்று. தோலுக்கென்று விற்கும் மெழுகை மட்டும் தடவுங்கள்.

முள்ளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

சீமைக் கருவேல முள் இன்றைக்குச் சோலில் ஏறும், மூன்றாம் நாள் பாதத்தில் ஏறும். நடை முடிந்த இடத்திலேயே கழற்றி, திருப்பி, குறட்டால் பிடுங்குங்கள்.

சேற்றுக்குள் பூட்ஸோடு இறங்குவது

காரங்காட்டு அலையாத்திக் காட்டுப் பக்கம் சேறு முழங்கால்வரை வாங்கும். பூட்ஸ் அங்கே போனால் கால் மட்டும்தான் திரும்பி வரும். வெறுங்காலும் கூடாது, சேற்றுக்கடியில் சிப்பி ஓடுகள் பிளேடு போல நிற்கின்றன. கிழிந்த கான்வாஸ் ஷூவைக் கணுக்காலோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்குங்கள். 2015-இல் அந்தப் பெரியவர் கொடுத்த கயிற்றை நான் இதற்குத்தான் வைத்திருக்கிறேன்.