என்யூஎஸ் பொறந்த வருசம் எது? ஒரே நாள்ல நடந்து பார்த்துத் தெரிஞ்சுக்கறது எப்படி

திருச்சிலேர்ந்து மாமா வந்திருந்தாரு, ரிட்டையர் ஆன காலேஜ் வாத்தியாரு. மெரினா பே, செந்தோசா எல்லாம் ரெண்டு நாள்ல முடிஞ்சிருச்சு, மூணாவது நாள் லிட்டில் இந்தியா தேக்காவுல தோசை சாப்பிட்டுக்கிட்டே "மாப்ள, நீ படிச்ச யூனிவர்சிட்டி எந்த வருசம் ஆரம்பிச்சது?"ன்னு கேட்டாரு பாருங்க. நான் படிச்சது என்யூஎஸ், அதான் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், கெத்தா 1980ன்னேன். எம்பொண்ணு போன்ல தேடிட்டு 1905ங்குது. பக்கத்துல உக்காந்திருந்த பெரியப்பா 1949ன்னு அடிச்சுச் சொல்றாரு. அன்னைக்கு சாயங்காலம் உக்காந்து படிச்சப்பதான் தெரிஞ்சுது, மூணு பேருமே சரியாத்தான் சொல்லியிருக்கோம். மறுநாளே மாமாவைக் கூட்டிட்டுக் கிளம்பிட்டேன், அந்த ரூட்டைத்தான் இங்க எழுதறேன், ஊர்லேர்ந்து யாராவது வந்தா இல்ல பிள்ளைங்களுக்கு ஸ்கூல் புராஜெக்ட் வந்தா உதவும்.

முதல்ல ஒண்ணு, பேரைப் பிடிச்சுக்கிட்டு போனா குழம்பிடுவீங்க, இந்தப் பல்கலைக்கழகம் பேரை அத்தனை தடவை மாத்தியிருக்கு. இடத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க. ஊட்ரம், அப்புறம் புக்கிட் தீமா, அப்புறம் கெண்ட் ரிட்ஜ், முடிஞ்சா ஜூரோங். இந்த வரிசையை மட்டும் மாத்தாதீங்க, நெறைய பேரு யூடவுன்ல, அதான் பிள்ளைங்க தங்கற புது வளாகத்துல, ஆரம்பிச்சு புல்தரையில போட்டோ எடுத்துட்டு வீட்டுக்குப் போயிடறாங்க, கதையோட கடைசிப் பக்கத்தைப் படிச்சுட்டு புக்கை மூடி வைக்கிற மாதிரி. சனிக்கிழமை நல்லது, எட்டரைக்குள்ள கிளம்பிடுங்க, தண்ணி பாட்டில், குடை, நல்ல ஷூ வேணும். செருப்புல வந்தா மத்தியானம் என்னைத் திட்டுவீங்க.

ஊட்ரம் பார்க் எம்ஆர்டில இறங்கி பொது மருத்துவமனை வளாகத்துக்குள்ள காலேஜ் ரோடு பக்கமா ஏறுங்க. இந்த வட்டாரத்துக்குப் பழைய பேரு சிப்பாய் லைன்ஸ், இந்திய சிப்பாய்ங்க தங்கியிருந்த இடம். 1904ல டான் ஜியாக் கிம்ங்கற சீன வியாபாரி தலைமையில ஊர்ப் பெரியவங்க சேர்ந்து, எங்களுக்கு உள்ளூர்லயே டாக்டருக்குப் படிக்க ஒரு ஸ்கூல் வேணும்னு கவர்னர்கிட்ட மனு கொடுத்தாங்க, நீங்களே காசு திரட்டிட்டு வாங்கன்னு பதில் வந்துச்சு. அவங்களும் விடல, 87,077 வெள்ளி சேர்த்துட்டாங்க, அதுல 12,000 டான் ஜியாக் கிம்மே போட்டது. 1905 ஜூலைல பழைய பெண்கள் மனநல விடுதிக் கட்டடத்துல 23 பிள்ளைங்களோட ஸ்கூல் ஆரம்பிச்சுது. எம்பொண்ணு போன்ல காட்டுன 1905 இதுதான்.

அந்த விடுதிக் கட்டடத்தைத் தேடாதீங்க. பார்க்க வேண்டியது ரெண்டு, 1911ல வந்த டான் டெக் குவான் கட்டடம், 1926ல திறந்த மருத்துவக் கல்லூரிக் கட்டடம். ரெண்டும் 2002ல தேசிய நினைவுச்சின்னம் ஆயிருச்சு. பெரிய தூண் வெச்சு கம்பீரமா நிக்கிற கல்லூரிக் கட்டடத்துல இப்ப சுகாதார அமைச்சு இருக்கு, அதனால உள்ள போய் சுத்தலாம்னு நெனைக்காதீங்க, வெளியிலேர்ந்து பார்த்தாலே போதும். மலேசியாவோட முன்னாள் பிரதமர் மகாதீர் டாக்டருக்குப் படிச்சது இந்தக் கல்லூரியிலதான்னு சொன்னதும் மாமா தூணைத் தொட்டுப் பார்த்தாரு. 1942 பிப்ரவரில, சிங்கப்பூர் விழறதுக்கு முந்தின நாள், குண்டடிபட்டுச் செத்த ஒரு மாணவரை அடக்கம் பண்ண இந்த வளாகத்துக்கு வந்த கூட்டாளிங்க மேலயும் குண்டு விழுந்து பல பேரு போயிட்டாங்க. அதைச் சொல்லிட்டு ஒரு நிமிசம் சும்மா நின்னுட்டு நகருங்க.

அடுத்து புக்கிட் தீமா. ஊட்ரம் பார்க்குலேர்ந்து பழுப்பு லைன்ல ஸ்டீவன்ஸ், அங்க நீல லைனுக்கு மாறி ஒரே ஸ்டேஷன், பூமலை. பொட்டானிக் கார்டன்ஸ்னு சொன்னாத்தான் இப்ப உள்ள பசங்களுக்குப் புரியும், எங்க தாத்தா கடைசி வரைக்கும் பூமலைன்னுதான் சொல்வாரு. ஸ்டேஷன்லேர்ந்து கொஞ்ச தூரம் நடந்தா பழைய ராபிள்ஸ் கல்லூரி. 1928ல வகுப்பு ஆரம்பிச்சு 1929ல முறையாத் திறந்தாங்க, இங்க கலை, அறிவியல் பாடம், அங்க ஊட்ரம்ல மருத்துவம். ரெண்டும் தனித்தனியா ஓடிக்கிட்டு இருந்துச்சு, 1949 அக்டோபர் 8ம் தேதி ரெண்டையும் சேர்த்து மலாயாப் பல்கலைக்கழகம்னு ஆக்கினாங்க. பெரியப்பா சொன்ன 1949 இது. புல்தரையைச் சுத்தி நடைபாதை வெச்ச பழைய கட்டடங்களுக்கு நடுவுல நின்னீங்கன்னா, முதல் பிரதமர் லீ குவான் இயூ, நிதியமைச்சரா இருந்த கோ கெங் சுவீ எல்லாம் நடந்த இடம் இதுன்னு சொல்லிக்காட்டலாம். நம்ம எஸ்.ஆர்.நாதன் கிளார்க்கா வேலை பார்த்துட்டு அப்புறமா வந்து சேர்ந்து 1954ல சமூகப்பணி டிப்ளமா வாங்கினது இந்தப் பல்கலைக்கழகத்துலதான், பின்னாடி அதிபர் ஆனப்ப அவரே இதோட வேந்தரும் ஆனாரு, அதிபர்தான் வேந்தர்ங்கறது வழக்கம்.

இங்க உக்கார ஒரு பெஞ்சு கிடைச்சா நம்ம கதை ஒண்ணும் சொல்லிடுங்க, எந்த கைடும் சொல்ல மாட்டாங்க. 1950கள்ல பல்கலைக்கழகத்துல இந்தியவியல் துறை வரப்போகுதுன்னதும் அதுல தமிழ்தான் முக்கிய மொழியா இருக்கணும்னு தமிழ் முரசு பத்திரிகை ஆசிரியர் கோ.சாரங்கபாணி கிளம்பினாரு, 'தமிழ் எங்கள் உயிர்'னு ஒரு நிதி, ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுங்கன்னு. அன்னாடக் கூலிங்க கூடப் போட்டாங்க. துறை கடைசியில கோலாலம்பூர் பக்கம் போயிருச்சு, ஏன்னா 1959ல பல்கலைக்கழகம் அங்க ஒரு பிரிவு இங்க ஒரு பிரிவுன்னு ஆகி, 1962ல தனித்தனிப் பல்கலைக்கழகமாவே பிரிஞ்சிருச்சு. மலாயாங்கற பேரை அவங்க வெச்சுக்கிட்டாங்க, நம்மளது சிங்கப்பூர் பல்கலைக்கழகம் ஆச்சு. அதாவது அதே கட்டடம், அதே வாத்தியாருங்க, போர்டு மட்டும் வேற. பெரியப்பாவுக்கு இதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது.

இந்த வளாகம் சும்மா கிடக்கவே இல்ல. பல்கலைக்கழகம் காலி பண்ணதும் ஆசிரியர் பயிற்சிக்குக் கொடுத்தாங்க, அவங்க ஜூரோங் போனதும் 2001லேர்ந்து 2005 வரைக்கும் எஸ்எம்யூ, அதான் சிங்கப்பூர் மேலாண்மைப் பல்கலைக்கழகம், இங்க இருந்துட்டு நகர மையத்துல பிராஸ் பாசா போச்சு, 2006ல என்யூஎஸ் சட்டத்துறையே திரும்பி வந்துச்சு. வாடகை வீடு மாதிரி ஆளு மாறிக்கிட்டே இருந்திருக்கு.

சாப்பாட்டை கெண்ட் ரிட்ஜ் கேண்டீன்லயே வெச்சுக்கோங்க, விலை கம்மி. ஆனா லீவு நாள்ல பாதிக் கடை மூடியிருக்கும், அப்படின்னா கிளமெண்டி ரோட்டுப் பக்கம் போய் பிராட்டா சாப்பிடுங்க.

பூமலைலேர்ந்து சர்க்கிள் லைன்ல அஞ்சாவது ஸ்டேஷன் கெண்ட் ரிட்ஜ். வெளிய வந்தா முன்னாடி நிக்கிறது தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, 1985ல திறந்தது. காலையில ஆஸ்பத்திரி பக்கத்துல ஆரம்பிச்சு மத்தியானம் திரும்ப ஆஸ்பத்திரிக்கே வந்துட்டோம்னு மாமா சிரிச்சாரு. புக்கிட் தீமால இடம் பத்தலைன்னு 1970கள் பின்பாதிலேர்ந்து ஒவ்வொரு துறையா இந்த மலைக்கு ஏத்தினாங்க. ஷட்டில் பஸ் ஏறி மலையை ஒரு சுத்து வாங்க, ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகும், கட்டடமெல்லாம் சரிவுல தொத்திக்கிட்டு நிக்கும். நான் முதல் வருசம் படிச்சப்ப ஒரு பக்கம் தரைத்தளம்னு நுழைஞ்சா இன்னொரு பக்கம் நாலாவது மாடியா இருக்கும், லெக்சருக்கு லேட்டானதுக்குப் பாதிக் காரணம் அதுதான், மீதிக் காரணம் நான்.

பிள்ளைங்க கூட வந்தா லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குக் கட்டாயம் போங்க, டிக்கெட் உண்டு, திங்கள் லீவு. 2015ல திறந்தது, நீண்ட கழுத்து டைனோசர் மூணோட எலும்புக்கூடு இருக்கு, 2015ல ஜூரோங் கரைப்பக்கம் செத்து மிதந்த திமிங்கலத்தோட எலும்புக்கூடும் இருக்கு. இந்தச் சேகரிப்போட வேரு பழைய ராபிள்ஸ் மியூசியத்துல இருக்கு, அதுக்கப்புறம் பல்கலைக்கழகம்தான் பாதுகாத்து வெச்சிருந்துச்சு. அதை முடிச்சுட்டு ஏவைஇ விரைவுச்சாலைக்கு மேல போற பாலம் வழியா யூடவுன். முன்னாடி கோல்ஃப் மைதானமா இருந்த இடம், 2011லேர்ந்து பிள்ளைங்க தங்க ஆரம்பிச்சாங்க. யேல்-என்யூஎஸ் கல்லூரியும் இங்கதான் இருந்துச்சு, 2013ல முதல் செட் வந்தாங்க, 2021ல மூடப்போறோம்னு அறிவிச்சு 2025ல மூடிட்டாங்க. வளர்ச்சின்னா எல்லாமே கூடிக்கிட்டே போகும்னு நெனைக்கறவங்களுக்கு அந்தக் கட்டடத்தைக் காட்டுங்க.

இப்ப என் 1980. அந்த வருசம் ஆகஸ்ட் 8ம் தேதி சிங்கப்பூர் பல்கலைக்கழகத்தையும் நன்யாங் பல்கலைக்கழகத்தையும் சேர்த்துத்தான் என்யூஎஸ் ஆச்சு. சேர்த்ததுன்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போயிடலாம், ஆனா நன்யாங் சீன மொழிவழிப் பல்கலைக்கழகம், சீனர்களோட ஹொக்கியன் சங்கம் ஜூரோங்ல 523 ஏக்கர் கொடுத்து, டான் லார்க் சைங்கற ரப்பர் வியாபாரி தலைமையில சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டறவங்க வரைக்கும் ஒரு நாள் கூலியைக் கொடுத்துக் கட்டுனது. அதோட பட்டத்தை அரசாங்கம் 1968லதான் அங்கீகரிச்சுது. அங்க படிச்ச வயசானவங்க யாரையாவது கேட்டா 1980ங்கறது பிறந்தநாளா இறந்தநாளான்னு அவங்க முகமே சொல்லிரும். சாரங்கபாணி திரட்டுன ஒரு வெள்ளியை நெனைச்சுப் பார்த்தா நமக்கு இது புரியாமப் போகாது.

அதனால கால்ல தெம்பு இருந்தா இல்ல மறுநாள் காலையில, பூன் லேலேர்ந்து 179 பஸ் பிடிச்சு என்டியூ, அதான் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், போங்க. அந்தப் பழைய நன்யாங் வளாகத்துல 1981ல தொழில்நுட்பக் கழகம் வந்து 1991ல என்டியூ ஆச்சு. யூனான் தோட்டத்துக்கு மேல நிக்கிற பழைய நிர்வாகக் கட்டடம் இப்ப சீன மரபுடைமை நிலையம். தோட்டத்துப் பக்கம் இருக்குற பழைய நன்யாங் வாசல் வளைவு அசல் இல்ல, ஏமாந்துடாதீங்க. அசல் வளைவு வளாகத்துக்கு வெளிய, ஜூரோங் வெஸ்ட் ஸ்ட்ரீட் 93ல, வீவக, அதான் அரசாங்க அடுக்குமாடி, புளோக்குங்க பக்கத்துல தனியா நிக்குது, ஒரு காலத்துல வாசல் அவ்வளவு தள்ளி இருந்திருக்கு. நாங்க போனப்ப ஒரு பாட்டி மார்க்கெட் டிராலியை அந்த வளைவுக்கடியில நிறுத்திட்டு விசிறிக்கிட்டு உக்காந்திருந்தாங்க, மாமாவும் பக்கத்துல போய் உக்காந்துட்டாரு, எழுந்திரிக்கவே மனசு வரல அவருக்கு, பஸ் ரெண்டு விட்டுட்டோம்.