எண் சரி, முடிவு தப்பு: கால்நடை ரத்தப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ட்யூபில் பெயர் எழுத மறப்பது, காலாவதியான ரீஏஜென்ட்டைப் போடுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டால் யாரும் திருந்திவிடுவார்கள். தொல்லை கொடுப்பவை வேறு. மெஷின் ஒழுங்காக ஓடியிருக்கும், கன்ட்ரோல் சரியாக வந்திருக்கும், அச்சாகி வந்த எண்ணிலும் பிசகு இருக்காது. ஆனால் அந்த எண் ட்யூபில் இருந்ததைச் சொல்கிறது, விலங்கின் உடம்பில் இருந்ததை அல்ல. அல்லது உடம்பில் இருந்ததையே சொல்கிறது, நாம்தான் அதை வேறொன்றாகப் படிக்கிறோம். புதிதாக வருகிற ஒவ்வொரு செட்டும் இதே குழிகளில்தான் விழுகிறது. முன்னால் போனவர்கள் விழுந்த குழிகள்தான்.

ட்ரிப் முதலில், சிறுநீர் அப்புறம்

மற்ற தவறுகளை மறுநாள் இன்னொரு ட்யூப் எடுத்துச் சரிசெய்யலாம். இதைச் சரிசெய்யவே முடியாது. எரிச்சலுக்குக் காரணம் அதுதான்.

ஒன்பது வயது நாய், மூன்று நாளாக வாந்தி, கண் உள்வாங்கியிருக்கிறது, ஈறு காய்ந்து விரலில் ஒட்டுகிறது. கேத்திட்டர் போட்டு ரத்தம் எடுத்து, கையோடு ரிங்கர் லாக்டேட் ட்ரிப்பையும் திறந்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து ரிப்போர்ட் வருகிறது: கிரியாட்டினின் 3.6, யூரியா நைட்ரஜன் 98 மி.கி./டெ.லி. (இரண்டும் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகள், இரண்டும் ஏறியிருக்கின்றன). அப்போதுதான் ஒருவருக்குச் சிறுநீர் ஞாபகம் வருகிறது. பிடித்துப் பார்த்தால் ஒப்படர்த்தி (தண்ணீரை 1.000 என்று வைத்து ஒப்பிட்ட அடர்த்தி) 1.012. "சிறுநீரகம் போய்விட்டது" என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்கள்.

அந்த 1.012 எதையும் சொல்லவில்லை. நரம்பில் தண்ணீரை ஏற்றினால் நல்ல சிறுநீரகமும் அதை நீர்த்த சிறுநீராகத்தான் வெளியே தள்ளும். சிறுநீரைப் பெருக்கும் ஃப்யூரோசமைடு கொடுத்த பிறகு பிடித்த சிறுநீரும் இதே கதைதான்.

கிரியாட்டினின் ஏற மூன்று வழிகள் உண்டு. சிறுநீரகத்துக்கு ரத்தம் போதாமல் போகலாம், சிறுநீரகமே கெட்டிருக்கலாம், அதற்குக் கீழே அடைப்போ கிழிசலோ இருக்கலாம். ரத்தத்தில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். முதல் இரண்டையும் பிரித்துக் காட்டுவது சிறுநீரின் அடர்த்தி. நீர் வற்றிய உடம்பு ஒவ்வொரு சொட்டையும் மிச்சம் பிடிக்கப் பார்க்கும். அந்த நிலையில் நாயின் சிறுநீர் 1.030-க்கு மேல், பூனையின் சிறுநீர் 1.035-க்கு மேல் இருந்தால் சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறது, வறட்சிதான் எண்ணை ஏற்றியிருக்கிறது. 1.008-க்கும் 1.012-க்கும் இடையில் என்றால் வந்த நீரைத் தொடாமல் அப்படியே விட்டிருக்கிறது. நடுவில் 1.018, 1.022 என்று வந்தால், வற்றிக் கிடக்கும் விலங்குக்கு அது போதாது, சந்தேகத்தோடு பாருங்கள்.

முதல் சிறுநீரை விட்டுவிட்டால் என்ன ஆகும்? வறட்சி மட்டுமே இருந்த நாய்க்கு ஆயுளுக்கும் சிறுநீரக நோயாளி என்ற முத்திரையும் புரதம் குறைத்த தீவனமும் கிடைக்கும். மறுபக்கமும் உண்டு. இரண்டு நாள் ட்ரிப்பில் கிரியாட்டினின் 1.7-க்கு இறங்குகிறது, "வறட்சிதான்" என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள், உள்ளே நிஜமாகவே தேய்ந்துகொண்டிருக்கும் சிறுநீரகத்தை யாரும் கவனிப்பதில்லை. சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகுகளான நெஃப்ரான்களில் முக்கால் பங்கு போன பிறகுதான் கிரியாட்டினின் எல்லையைத் தாண்டும் என்பதால் அடுத்த முறை தெரியவரும்போது செய்வதற்கு அதிகம் மிச்சமிருக்காது.

முதல் சிறுநீர் கையில் இருந்தாலும் ஏமாற்றும் ஒரு நோய் உண்டு: அடிசன் நோய். அட்ரினல் சுரப்பி சோடியத்தைப் பிடித்துவைக்காததால் சிறுநீரகத்தின் உட்பகுதியில் உப்புச் செறிவு கரைந்துபோகும். சிறுநீரகம் நன்றாக இருந்தும் சிறுநீரை அடர்த்தியாக்க முடியாது. கிரியாட்டினின் 4, ஒப்படர்த்தி 1.016 என்று அச்சு அசல் சிறுநீரகச் செயலிழப்பு மாதிரியே வரும். அப்போது கண் போக வேண்டிய இடம் எலக்ட்ரோலைட் வரி. சோடியம் 128, பொட்டாசியம் 6.9 என்றால் விகிதம் 18.6. 27-க்குக் கீழே வந்தாலே அடிசனை நினைக்க வேண்டும். நினைப்பதோடு சரி, சாட்டைப்புழு, நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் கோத்தல், சிறுநீர் அடைப்பு எல்லாம் இதே விகிதத்தைக் கொடுக்கும். அட்ரினல் சுரக்கும் ஹார்மோனான கார்டிசாலைப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். தூண்டாமல் எடுத்த கார்டிசால் 2 மைக்ரோகிராம்/டெ.லி.-க்கு மேல் இருந்தால் அடிசனுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. கீழே இருந்தால் ஏசிடிஎச் தூண்டல் பரிசோதனை (அட்ரினலைத் தூண்டும் ஹார்மோனைக் கொடுத்து கார்டிசால் ஏறுகிறதா என்று பார்ப்பது). அதற்கு முன் ஸ்டீராய்டு கட்டாயம் வேண்டுமென்றால் டெக்ஸாமெத்தசோன் கொடுங்கள். பிரட்னிசலோனைக் கார்டிசால் கிட் கார்டிசாலாகவே எண்ணிவிடும். "சிறுநீரகம் போச்சு, கருணைக்கொலை பண்ணிடலாம்" என்று வீட்டாரிடம் சொல்லப்பட்ட நாய்கூட மாத்திரை மருந்தில் வருடக்கணக்கில் ஓடித் திரியக்கூடிய நோய் இது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. கேத்திட்டர் போட்டதும் ரத்தம் எடுங்கள், குழாயை மாட்டுங்கள், ஆனால் ட்ரிப்பைத் திறப்பதற்கு முன் மூத்திரப்பையைத் தொட்டுப் பாருங்கள். கையில் பட்டால் 22 கேஜ் ஊசியில் 3 மி.லி. போதும். கர்ப்பப்பையில் சீழ், மூத்திரப்பையில் கட்டி என்று சந்தேகம் இருந்தால் ஊசி வேண்டாம். சுத்தமான மேசையில் விட்டதை உறிஞ்சினாலும் ஒப்படர்த்திக்கு ஆகும். ரிஃப்ராக்டோமீட்டருக்கு ஒரு சொட்டுத்தான் தேவை. அன்றைய முதல் சாம்பிளுக்கு முன் காய்ச்சி வடித்த நீரில் 1.000 காட்டுகிறதா என்று பாருங்கள். ஸ்ட்ரிப்பில் உள்ள ஒப்படர்த்திக் கட்டத்தை விலங்குகளுக்கு நம்பவே கூடாது. பை காலியாக இருந்தால், அல்லது விலங்கு சரிந்துகொண்டிருந்தால், ட்ரிப்புக்காகக் காத்திருக்க வைக்காதீர்கள். முதலில் வரும் சிறுநீரைப் பிடித்து, அதுவரை எத்தனை மி.லி. ஏறியது என்று பக்கத்தில் எழுதினால் போதும். பின்னால் படிப்பவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

ஊதா மூடியிலிருந்து சிவப்பு மூடிக்கு

ஊதா மூடி ட்யூபில் இருப்பது ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏவின் பொட்டாசியம் உப்பு. அது கால்சியத்தைக் கட்டிப்போடும், பொட்டாசியத்தைக் கொட்டும். ரத்தத்தை உறையவிட்டு மேலே தெளியும் சீரத்தை எடுக்கும் சிவப்பில் ரத்தம் குறைகிறதே என்று ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றினால் பொட்டாசியம் 14, கால்சியம் 4 என்று வரும், ஏஎல்பி என்ற என்சைமும் சரிந்திருக்கும். வாலாட்டிக்கொண்டு நிற்கிற நாய்க்குப் பொட்டாசியம் 14 இருக்க முடியாது என்பதால் இது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

பிடிபடாதது சின்னக் கலப்படம். ஊதாவைக் குத்திய ஊசியால் சிவப்பையும் குத்தினால் பொட்டாசியம் 6.3, கால்சியம் 7.6 என்று நம்பும்படியாக வரும். அதைப் பார்த்து இன்சுலினும் குளுக்கோசும் ஏற்றினால் சரியாக இருந்த பொட்டாசியம் நிஜமாகவே இறங்கும். பொட்டாசியம் ஏறி, கால்சியம் இறங்கி, ஈசிஜி சாதாரணமாக இருந்தால் மருந்துக்கு முன் இன்னொரு சாம்பிள். வரிசை: சிவப்பு, பச்சை (ஹெப்பாரின்), கடைசியில் ஊதா. ரத்தம் சிரிஞ்சிலேயே உறையுமோ என்று பயந்து ஊதாவில் முதலில் விடுபவர்கள் ஊசியைக் கழற்றி, மூடியைத் திறந்து, நுனி ட்யூபைத் தொடாமல் விட வேண்டும்.

சிவப்பணு உடைந்த சாம்பிள் என்றால் குதிரையிலும் மாட்டிலும் பொட்டாசியம் ஏறும். பெரும்பாலான நாய், பூனைகளின் சிவப்பணுவில் பொட்டாசியம் குறைவு, அதனால் அவ்வளவாக ஏறாது. அகிடா, ஷிபா இனங்கள் விதிவிலக்கு. பிளேட்லெட் மிக அதிகமாக இருந்தால் உறையும்போது அவை பொட்டாசியத்தை விடும். லித்தியம் ஹெப்பாரின் ட்யூபில் மறுபடி பாருங்கள். சோடியம் ஹெப்பாரினில் சோடியம் பார்க்காதீர்கள் என்று சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்.

ட்ரிப் ஓடும் காலில் ரத்தம் எடுப்பது

வேறு காலில் எடுங்கள்.

அமைலேஸ் ஏறினால் கணைய அழற்சி

அமைலேஸ், லைபேஸ் என்ற செரிமான என்சைம்கள் இரண்டும் கணையத்தின் தனிச்சொத்து அல்ல, குடலிலிருந்தும் வரும். வடிகட்டும் வேகம் குறைந்தால் இரண்டு மூன்று மடங்கு தேங்கும், ஸ்டீராய்டு லைபேஸை ஏற்றும். சிறுநீரகம் கெட்ட நாய்க்குக் கணைய அழற்சியையும் சேர்த்து எழுதுவது இப்படித்தான் நடக்கிறது. அளவு சாதாரணம் என்றால் அழற்சி இல்லை என்றும் ஆகாது. நாய்க்குக் கணைய லைபேஸை மட்டும் அளக்கும் பரிசோதனையில் 200 மைக்ரோகிராம்/லி. வரை என்றால் வாய்ப்பு குறைவு. 400-ம் அதற்கு மேலும் என்றால் அழற்சியோடு பொருந்துகிறது, அறிகுறியும் ஸ்கேனும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இடைப்பட்டதைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

வாரி வாரித் தின்றும் எலும்பும் தோலுமாக, குவியல் குவியலாகக் கழியும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இதே பரிசோதனையை எழுதுவது இன்னொரு வேடிக்கை. அங்கே கேள்வி அழற்சி அல்ல, என்சைம் பற்றாக்குறை. 12 மணி நேரப் பட்டினிக்குப் பின் டிஎல்ஐ (கணையத்திலிருந்து ரத்தத்துக்கு வரும் ட்ரிப்சின் வகைப் புரதங்களின் அளவு) பார்க்க வேண்டும். 2.5 மைக்ரோகிராம்/லி.-க்குக் கீழே என்றால் உறுதி. என்சைம் பொடி ஏற்கெனவே தின்றுகொண்டிருந்தாலும் இந்த எண் மாறாது.

முதல் நாளே ஐரிஸ் நிலை எழுதுவது

ஐரிஸ் என்பது நாள்பட்ட சிறுநீரக நோயின் தீவிரத்தை நிலைகளாகப் பிரிக்கும் முறை. நீர் நிரம்பி, எண் நிலைத்த பிறகு, பட்டினி சாம்பிளில், குறைந்தது இரண்டு முறை பார்த்துத்தான் நிலை. வற்றிப்போன நாளின் 3.6-க்கு மூன்றாம் நிலை என்று எழுதாதீர்கள். தசை கரைந்த கிழப்பூனையில் கிரியாட்டினின் பொய்யாகக் குறையும், தசையைச் சாராத சிறுநீரகக் குறியீடான எஸ்டிஎம்ஏ-வையும் சேர்த்துப் பாருங்கள். கிரேஹவுண்டுக்கு இயல்பிலேயே அதிகம்.

உறைந்த ரத்தக் கட்டியின் மேலேயே சீரத்தை விட்டுவைப்பது

பிரிக்காத ரத்தத்தில் அணுக்கள் குளுக்கோசைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 10 சதவீதம். உறைந்ததும், அதிகபட்சம் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள், சுழற்றிப் பிரித்துவிடுங்கள்.

பால் மாதிரி சீரத்தில் சோடியம் குறைவு

சாம்பிளை நீர்த்து அளக்கும் மெஷின் என்றால் கொழுப்பு அடைத்த இடத்தையும் நீராகக் கணக்கிட்டு சோடியத்தைக் குறைத்துக் காட்டும். நீர்க்காமல் நேரடியாக அளக்கும் மெஷினில் போட்டால் சரியாகிவிடும். சோடியம் ஏற்றக் கிளம்பும் முன் ட்யூபை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்.

குளோரைடு 140, நாய் நன்றாக இருக்கிறது

வலிப்புக்குப் பொட்டாசியம் புரோமைடு கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். மெஷினுக்குப் புரோமைடும் குளோரைடும் ஒன்றுதான்.