ஏப்ரல் 23இல் எத்தனை தவறு!

‘வரலாற்றில் இன்று’ எழுதுவது சுலபமான வேலை போலத்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பலகையில் எழுதிவிட்டால் ஆயிற்று. நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஏப்ரல் 23தான் என்னைத் திருத்தியது.

அன்று உலகப் புத்தக நாள். 1995இல் யுனெஸ்கோ அறிவித்தது. ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸும் 1616இல் ‘ஒரே நாளில்’ இறந்தார்கள் என்று வருடாவருடம் ஒரு வரி சுற்றிவரும். தேதி ஒன்று, நாள் ஒன்றல்ல. ஸ்பெயின் 1582லேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே வைத்திருந்தது. 1616இல் இரண்டுக்கும் 10 நாள் வித்தியாசம். ஷேக்ஸ்பியரின் ஊரில் ஏப்ரல் 23 என்றால் மாட்ரிட்டில் மே 3! போதாததற்கு, செர்வாண்டிஸ் இறந்தது 22ஆம் தேதி என்றும், 23 அவரை அடக்கம் செய்த நாள் என்றும்தான் இப்போது சொல்கிறார்கள். ரஷ்யாவின் ‘அக்டோபர் புரட்சி’ புதுக் கணக்கில் நவம்பர் 7 ஆனதும் இதே கதைதான்.

சரி, ஷேக்ஸ்பியர் பிறந்ததாவது ஏப்ரல் 23தானே? அதுவும் ஊகம். 1564 ஏப்ரல் 26இல் ஞானஸ்நானம் என்பதுதான் தேவாலயப் பதிவேட்டில் இருக்கிறது. ‘பிறந்த நாளிலேயே இறந்தார்’ என்று சிலிர்ப்பதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும்.

பதிவேட்டில் இருந்தாலும் அப்படியே நம்ப முடியுமா? என் அப்பா பிறந்தது ஐப்பசி அடைமழையில். சான்றிதழில் ஜூன் 1. பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார், பாட்டி “மழைக்காலம்” என்றிருக்கிறார், அவர் வயது சரியாக வரும்படி ஒரு தேதியைப் போட்டுவிட்டார்.

நள்ளிரவும் ஏமாற்றும். பாரதியார் மறைந்தது 1921 செப்டம்பர் 11ஆ, 12ஆ என்ற குழப்பம் அதனால்தான். 11ஆம் தேதி இரவு, மணி ஒன்றரை ஆகியிருந்தது. கடிகாரப்படி 12. நம் வீடுகளிலோ விடிந்தால்தான் மறுநாள். இதில் எதை எழுதினாலும் ‘நள்ளிரவுக்குப் பின்’ என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள், சண்டை வராது. ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தபோதும் அமெரிக்காவில் 1969 ஜூலை 20 இரவு. நமக்கு 21ஆம் தேதி காலை சுமார் எட்டரை மணி.

அப்புறம், பிறப்பையும் இறப்பையும் ஒரே பத்தியில் கலந்து எழுதாதீர்கள். பாடகி எஸ். ஜானகி 1938 ஏப்ரல் 23இல் பிறந்தார். அதே தேதியில் 1992இல் மறைந்தவர் சத்யஜித் ராய். ஒருமுறை அவசரத்தில் இருவர் பெயரையும் எழுதிக் கீழே பொதுவாக ‘வாழ்த்துகள்’ என்று போட்டுவிட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, “சார், ராய்க்குமா?” என்றான்.

இப்போது பலகையில் நடுவே ஒரு கோடு இருக்கிறது. இடப்பக்கம் பிறந்தவர்கள், வலப்பக்கம் மறைந்தவர்கள். ஷேக்ஸ்பியர் வலப்பக்கம் மட்டும்தான், பக்கத்தில் ‘பழைய நாட்காட்டி’ என்ற குறிப்போடு.