பைக் ஜாக்கெட்டைப் பிரித்துத் தைப்பவன் சொல்வது

பைக் ஓட்டுபவர்களின் ஜாக்கெட், கால்சட்டை, கையுறைகளைப் பழுதுபார்த்துத் தைப்பது என் தொழில். என் மேசைக்கு வருபவை பெரும்பாலும் சாலையில் விழுந்து எழுந்தவர்களின் உடைகள். அவற்றைப் பிரிக்கும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது ஒன்றுதான்: துணி நடுவில் கிழிவதைவிடத் தையல் விட்டுப்போவதே அதிகம். தோளின் பின்பக்க இணைப்பு, முழங்கையைச் சுற்றி வரும் தையல், ஜிப் முடியும் இடம், மணிக்கட்டுப் பட்டை. விற்பவர் துணியின் பெருமையைப் பேசுவார், பேசட்டும். நீங்கள் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தைப் பாருங்கள். பூட்டு வாங்கும்போதும் இதே கண் உதவும். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜாக்கெட்டைக் கையில் வாங்கியதும் உள்பக்கம் வெளியே வருமாறு திருப்புங்கள். தோள் தையலின் இருபுறமும் கட்டைவிரல்களை வைத்து வெளிப்பக்கமாக இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது நூல் ஏணிப்படி போலத் தெரிந்து, இடையில் வெளிச்சம் எட்டிப்பார்த்தால் அந்த ஜாக்கெட்டைத் திரும்ப மாட்டிவிடுங்கள். நல்ல வேலைப்பாட்டில் ஒரே இணைப்பில் இரண்டு, மூன்று வரிசைத் தையல் இருக்கும். அவற்றில் ஒன்றாவது துணி மடிப்புக்குள் மறைந்திருக்கும். வெளியே அழகாகத் தெரிகிற நூல் சாலையில் உரசியதும் முதலில் தேய்ந்து போகும். அதன் பிறகு இணைப்பைப் பிடித்து நிறுத்துவது உள்ளே மறைந்திருக்கும் வரிசைதான். அலங்காரத்துக்காகத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுப்போட்ட முழங்கைகளை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

தோல் ஜாக்கெட் என்றால் மாட்டுத்தோல் 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். கையில் எடுத்தால் கனக்க வேண்டும். பட்டுப்போல் மெத்தென்று மடியும் தோல் கல்யாண வீட்டுக்கு நன்றாக இருக்கும். சாலை உரசலைத் தாங்காது. தோலில் இன்னொரு தொல்லையும் உண்டு: ஊசி போன துளை மறையவே மறையாது. நெருக்கமாகத் தைத்தால் அந்த வரிசையே டிக்கெட் கிழிக்கும் கோடாகிவிடும். அதனால்தான் பழுதுபார்க்கும்போது பழைய துளைகளிலேயே ஊசியை இறக்குகிறோம். பருத்தி நூலால் தைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். வியர்வையிலும் ஈரத்திலும் அது உளுத்துவிடும். பாலியெஸ்டர் அல்லது நைலான் நூல்தான் வேண்டும்.

துணி ஜாக்கெட்டில் வலைத்துணி எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். மார்பிலும் கையின் உள்பக்கத்திலும் இருந்தால் காற்று வரும், பாதகமில்லை. தோள் முனையிலும் முழங்கையிலும் வலை இருந்தால் வேண்டாம். விழும்போது முதலில் தரையைத் தொடுவது அவைதான்.

இனி உடைக்குள் தைத்திருக்கும் தரச் சீட்டு. ஐரோப்பியத் தர விதியான ஈஎன் 17092 மோட்டார் சைக்கிள் உடைகளை ஏஏஏ, ஏஏ, ஏ என்று இறங்குவரிசையில் வகைப்படுத்துகிறது. நெடுந்தூரம் வேகமாகப் போகிறவர் ஏஏ-க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது என் கருத்து. நகருக்குள் மெதுவாகப் போய்வர ஏ போதும். கனமான ஜாக்கெட்டை வீட்டில் மாட்டிவைத்துவிட்டுப் போவதைவிட லேசானதைத் தினமும் அணிவது மேல். இதில் ஒரு தந்திரத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஜாக்கெட்டில் ஐரோப்பியத் தர முத்திரையான 'சிஇ' என்று கொட்டை எழுத்தில் அட்டை தொங்கும். உள்ளே தேடினால் அந்தச் சான்று முழங்கைப் பேடுக்கு, அதாவது உள்ளே செருகும் காப்பு மெத்தைக்கு மட்டுமே உரியதாக இருக்கும். உடைக்குச் சான்றே இருக்காது. தைத்திருக்கும் உள்சீட்டில் 17092 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

பேடுகளை உருவி எடுத்துப் பாருங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். அவற்றுக்கான விதி ஈஎன் 1621. பேடின்மேல் ஓர் எழுத்தும் 1 அல்லது 2 என்ற நிலையும் அச்சிடப்பட்டிருக்கும். எஸ் என்றால் தோள், இ முழங்கை, கே முழங்கால், எச் இடுப்பு, பி முதுகு. முதுகுப் பேடில் முதல் நிலை என்றால், சோதனை அடியில் உடலுக்குக் கடந்துவரும் விசை சராசரியாக 18 கிலோநியூட்டனுக்குள் இருக்க வேண்டும். இரண்டாம் நிலையில் அது 9, அதாவது சரிபாதி. இவ்வளவு வித்தியாசம் இருந்தும், பல ஜாக்கெட்டுகளின் முதுகுப் பையில் எந்த முத்திரையும் இல்லாத வெறும் பஞ்சுத் தகடுதான் இருக்கிறது. அதை வீசிவிட்டு இரண்டாம் நிலைப் பேடைத் தனியாக வாங்கிச் செருகிக்கொள்ளுங்கள். பையின் அளவை எடுத்துக்கொண்டு போங்கள்.

அளவு பார்க்கும்போது கண்ணாடி முன் நிமிர்ந்து நிற்பதில் பயனில்லை. பைக்கில் உட்கார்ந்தபடி கைகளை முன்னால் நீட்டுங்கள். முழங்கைப் பேட் எலும்பின்மேல் உட்கார்ந்திருக்கிறதா? ஒரு கையால் மற்றக் கையின் சட்டைமுனையைப் பிடித்துத் தோள்பக்கமாகத் தள்ளுங்கள். பேட் நழுவிப் பக்கவாட்டில் திரும்பினால், விழும்போதும் அப்படியே திரும்பும். புயத்தில் இறுக்கும் பட்டை இருந்தால் இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். கால்சட்டையின் முழங்கால் பேட் நிற்கும்போது சற்றுக் கீழே இருப்பதாகத் தோன்றும். உட்கார்ந்தால் சரியான இடத்துக்கு வந்துவிடும்.

கையுறையில் எல்லோரும் முட்டிக் கவசத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள். நான் உள்ளங்கையைத்தான் பார்ப்பேன். விழும்போது மனிதன் கையை ஊன்றாமல் இருக்க மாட்டான். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுக்குள் ஒரு சிறிய எலும்பு இருக்கிறது. ரத்த ஓட்டம் குறைவான எலும்பு; உடைந்தால் கூடுவதற்கு நாளாகும். உள்ளங்கையின் அடிப்பகுதியில் வழுக்கும் கெட்டித் தகடு இருந்தால் கை தரையைப் பற்றி நின்றுவிடாமல் சறுக்கிப்போகும். அடுத்து, மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிவிட்டு, விரல் நுனிகளைப் பிடித்துக் கையுறையை உருவச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அது குளிருக்கு மட்டும் உதவும். பூட்ஸ் கணுக்காலின் இருபுற எலும்புகளையும் மூட வேண்டும். அடிப்பகுதியைத் துணி பிழிவதுபோல் முறுக்கினால் எளிதில் முறுகக் கூடாது. கயிறு தொங்கக் கூடாது.

ஹெல்மெட் என் கைக்கு வருவதில்லை, அதைத் தைத்துச் சரிசெய்ய முடியாது என்பதால். உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்கு ஒருமுறை நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. வெளியே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே நசுங்கியிருக்கலாம். ஆகவே பிறர் அணிந்த ஹெல்மெட் வேண்டவே வேண்டாம். 1935-இல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று அறியப்பட்ட ஆங்கிலேயப் படை அதிகாரி டி. இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தபோது அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவரான ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர்தான், பின்னர் பைக்கில் செய்தி கொண்டுசெல்லும் ராணுவ வீரர்களின் விபத்துகளை ஆராய்ந்து, 1941-இல் ஹெல்மெட்டின் பயனை எழுதிக்காட்டினார்.

ஐரோப்பாவில் பின்பற்றப்படும் ஹெல்மெட் விதியான ஈசிஇ 22.06 தரம் உள்ளதை வாங்கினால், தலை சுழலும் விதத்தையும் அளந்து சோதித்தது கிடைக்கும். தாடைப் பட்டையில் தைத்திருக்கும் சீட்டில் அனுமதி எண் 06 என்று தொடங்கும். அதன் பின்னால் பி என்ற எழுத்து இருந்தால் தாடைப் பகுதிக்கும் காப்பு உண்டு, ஜே என்றால் முகம் திறந்த வகை. கடையிலேயே கால் மணி நேரமாவது அணிந்திருங்கள். கன்னம் நன்றாக இறுக வேண்டும், நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் வலிக்கக் கூடாது. பட்டையைப் பூட்டிவிட்டுப் பின்புற விளிம்பைப் பிடித்து முன்பக்கமாக உருட்டுங்கள். கழன்றால் அளவு தவறு. ஐந்து ஆண்டுகளில் மாற்றிவிடுங்கள். பைக் கண்ணாடியில் மாட்டித் தொங்கவிடாதீர்கள், அந்த முனை உள்ளடுக்கில் குழி விழச் செய்யும்.

இப்போது பூட்டு. திருடன் தடித்த இடத்தோடு மல்லுக்கட்ட மாட்டான். அவனும் இணைப்பைத்தான் தேடுவான். ஹேண்டில் பூட்டு பலத்த ஒரு முறுக்கில் உடைந்துவிடும். பிரேக் தட்டில் மாட்டும் டிஸ்க் பூட்டு சக்கரம் சுழல்வதைத் தடுக்கும். ஆனால் பைக்கை எதனோடும் கட்டாது. இரண்டு பேர் தூக்கி வண்டியில் ஏற்றினால் பூட்டும் கூடவே போகும். எனவே நகர முடியாத ஒன்றோடு கட்டுங்கள். தரையில் புதைத்த கொக்கி சிறந்தது. கம்பம் என்றால் உச்சியைப் பாருங்கள். மேலே உருவ முடிந்தால் அது கம்பமே இல்லை.

சங்கிலிக் கண்ணியின் தடிமன் 16 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதைவிட மெல்லியதைக் கையால் இயக்கும் போல்ட் கட்டர் கடித்துவிடக்கூடும். பின்சக்கரம் வழியாகவும், முடிந்தால் சட்டகம் வழியாகவும் விடுங்கள். முன்சக்கரத்தை மட்டும் கட்டினால் அச்சைக் கழற்றிச் சக்கரத்தை விட்டுவிட்டு மீதியைக் கொண்டுபோவார்கள். சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது. தரை பட்டறைக்கல் ஆகிவிடும்: சுத்தியலால் அடிக்கவும், கட்டரின் ஒரு பிடியைத் தரையில் ஊன்றி உடல் எடையை ஏற்றவும் வசதி. தொய்வில்லாமல் உயரத்தில் இறுக்குங்கள்; சாவித்துளை கீழ்நோக்கி இருக்கட்டும், மழைத்தண்ணீரும் இறங்காது. கொண்டிப்பூட்டின் வளையம் சங்கிலியைவிட மெலிந்ததாக இருந்தால் சங்கிலிக்குக் கொடுத்த காசு வீண். ஆங்கிள் கிரைண்டர் எதையும் அறுக்கும் என்பது உண்மை. அது எழுப்பும் சத்தமும் தீப்பொறியும் ஆள் நடமாட்டமுள்ள, வெளிச்சமான இடத்தில் திருடனைக் காட்டிக்கொடுக்கும். ஒலி எழுப்பும் டிஸ்க் பூட்டைச் சங்கிலியோடு சேர்த்துப் போடுங்கள். டிஸ்க் பூட்டிலிருந்து ஹேண்டிலுக்கு ஒரு வண்ணக் கயிறு இழுத்துவிடுங்கள், பூட்டியதை மறந்து கிளப்பிவிடாமல் இருக்க.

சாவியோடு வரும் எண் தகட்டைச் சாவி வளையத்தில் விடாதீர்கள். அந்த எண் இருந்தால் நகல் சாவி எளிது. சேஸிஸ் எண்ணைப் புகைப்படம் எடுத்துப் பைக்கில் அல்லாத இடத்தில் வையுங்கள். இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தினால், பல நாள் ஓட்டாமல் நிறுத்தும் பைக்கில் அது பேட்டரியைக் குடித்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஹெல்மெட்டைப் பைக்கின் பக்கக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போகிறவர்கள் கவனிக்க: அந்தக் கொக்கி பிடித்திருப்பது தாடைப் பட்டையின் வளையத்தை மட்டும்தான். நான் வைத்திருக்கும் கத்தரிக்கோலே அந்தப் பட்டைக்குப் போதும். தாடைக் கவசத்தின் உள்வழியாகவும் ஜாக்கெட்டின் கைவழியாகவும் ஓர் எஃகுக் கம்பிக்கயிற்றைச் செலுத்திச் சங்கிலியோடு பூட்டுங்கள், இல்லையென்றால் இரண்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.