‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ படத்தை வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பது எப்படி

தேடும்போது 1951 என்ற வருடத்தையும் சேர்த்துத் தேடுங்கள். 2008இல் கியானு ரீவ்ஸ் நடித்து இதே பெயரில் ஒரு படம் வந்தது, தேடினால் அதுதான் முதலில் வந்து நிற்கும். நான் சொல்வது கறுப்பு வெள்ளைப் படம், ராபர்ட் வைஸ் இயக்கியது, மொத்தம் 92 நிமிடம். வேற்றுக்கிரகத்திலிருந்து ஒரு பறக்கும் தட்டு வாஷிங்டனில் வந்து இறங்குகிறது, அதிலிருந்து க்ளாட்டு என்ற ஒரு மனிதரும் கோர்ட் என்ற ஓர் உயரமான ரோபோவும் வருகிறார்கள். பிள்ளைகளிடம் கதையென்று இவ்வளவு சொன்னால் போதும், இதற்கு மேல் ஒரு வரிகூட வேண்டாம்.

நான் இதை முதலில் பார்த்தது 1987இல், கல்லூரி ஃபிலிம் கிளப்பில், 16 எம்.எம். புரொஜெக்டரில். வெள்ளைத் துணித் திரை, பின்னால் டகடகவென்று ஓடும் மெஷின், ஜன்னல் கதவுகளை அடைத்ததால் உள்ளே ஒரே புழுக்கம். ரீல் மாற்ற விளக்கைப் போட்டபோது நாற்பது ஐம்பது பேர் இருந்தும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை, பேசவும் இல்லை, வெறும் துணியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நிசப்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதே மாதிரி ஒரு அனுபவம் என் மகளுக்கும் தங்கச்சி பையனுக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் போன வருடம் கோடை லீவில் வீட்டிலேயே போட்டுக் காட்டினேன். மூன்று தடவை முயற்சி செய்து மூன்றாவதில்தான் சரியாக அமைந்தது, அதில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

பகலில் போடாதீர்கள். முதல் தடவை மத்தியானம் போட்டேன், ஜன்னல் வெளிச்சத்தில் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிட்டது. இந்தப் படத்தின் பாதி பயம் இருட்டில்தான் இருக்கிறது, குறிப்பாக ராத்திரியில் பறக்கும் தட்டுக்கு முன்னால் கோர்ட் அசையாமல் நிற்கும் காட்சிகளில். ராத்திரி சாப்பாடு முடிந்து எட்டு மணி வாக்கில் விளக்கை அணைத்துவிட்டுப் போடுங்கள். டிவியில் படத்தை வழவழப்பாக்கும் அந்த மோஷன் செட்டிங்கை அணைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், அது அந்தக் காலத்துத் திரையின் அளவு, அகலமாக இழுத்து நிரப்பினால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். சப்டைட்டில் ஆங்கிலத்தில் இருந்தால்கூடப் போட்டு வையுங்கள், வாசிக்கிற வயதுப் பிள்ளைகளுக்கு அது பெரிய துணை.

சத்தம்தான் முக்கியம். டிவியின் உள் ஸ்பீக்கரை நம்பாதீர்கள், சின்னதாக ஒரு வெளி ஸ்பீக்கராவது இணையுங்கள். இசை பெர்னார்ட் ஹெர்மன். இரண்டு தெரமின், மின்சார வயலின், மின்சார செல்லோ என்று அன்றைக்கு ஆர்க்கெஸ்ட்ராவில் யாரும் சேர்த்து யோசிக்காத கருவிகளை எல்லாம் அவர் இதில் சேர்த்தார். தெரமின் என்பது தொடாமலே வாசிக்கும் கருவி. இரண்டு ஆன்டெனா இருக்கும், காற்றில் கையை அசைத்தால் ஒரு கைக்குச் சுருதி மாறும், இன்னொரு கைக்குச் சத்தம் கூடும், குறையும். டைட்டில் ஓடும்போதே அந்த ஊளை கேட்கும். படத்துக்கு முன்பு பிள்ளைகளிடம் இந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: “இப்ப கேக்கப்போற சத்தத்த ஒருத்தர் எதையும் தொடாமலே வாசிக்கிறார்.” என் தங்கச்சி பையன் அதைக் கேட்டுவிட்டு டைட்டில் முழுக்கக் கையைக் காற்றில் ஆட்டிக்கொண்டே இருந்தான், அதற்குள் படம் அவனை உள்ளே இழுத்துக்கொண்டது.

அப்புறம் தட்டு இறங்கும் காட்சி. அந்த உலோகத்தில் ஒரு கோடுகூட இருக்காது, திடீரென்று கதவு திறக்கும். இடுக்கை மெழுகி அடைத்து மேலே வெள்ளிப் பூச்சு பூசி வைத்துத் திறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தை, ஆனால் இன்றைக்கும் பார்க்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். க்ளாட்டு இறங்கி வருகிறார், சமாதானமாக வந்திருக்கிறோம் என்கிறார், உடைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பொருளை எடுத்து நீட்டுகிறார். அது டக்கென்று விரிகிறது. பயந்துபோன ஒரு சிப்பாய் சுட்டுவிடுகிறான். கீழே விழுந்த க்ளாட்டு, அது உங்கள் ஜனாதிபதிக்குக் கொண்டுவந்த பரிசு, அதை வைத்து மற்ற கிரகங்களில் உள்ள வாழ்க்கையை அவர் ஆராய்ந்திருக்கலாம் என்று சொல்வார். அந்த இடத்தில் தயவுசெய்து எதுவும் பேசாதீர்கள். இரண்டாவது தடவை நான் அங்கே நிறுத்தி, 1949இல் ரஷ்யா அணுகுண்டு வெடித்தது, 1950இல் கொரியப் போர் ஆரம்பித்தது, அதனால் அமெரிக்காவில் எல்லோரும் பயத்தில் இருந்தார்கள் என்று விளக்க ஆரம்பித்தேன். எல்லாம் உண்மைதான், ஆனால் பிள்ளைகளின் முகத்திலிருந்து படம் போய்விட்டது. அந்தப் பயம் என்னவென்று சிப்பாயின் முகத்திலேயே தெரிகிறது.

இங்கே உங்களுக்காக ஒரு தகவல். இந்தப் படத்துக்கு உதவச் சொல்லிக் கேட்டபோது அமெரிக்க ராணுவம் கதையைப் படித்துவிட்டு மறுத்துவிட்டது, கடைசியில் நேஷனல் கார்ட் என்ற அங்குள்ள மாநிலத் துணைப் படையினர்தான் டாங்கிகளும் ஆட்களும் கொடுத்தார்கள்.

பிள்ளைகள் நெளிய ஆரம்பிக்கும் இடம் இதற்கு அப்புறம்தான் வரும். ரோபோ அசையாமல் நிற்கிறது, க்ளாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து தப்பித்து கார்ப்பெண்டர் என்ற பெயரில் ஒரு வாடகை வீட்டில் அறை எடுத்துத் தங்குகிறார், கொஞ்ச நேரத்துக்கு ஒரே பேச்சு. “மாமா, அந்த ரோபோ எப்ப நகரும்?” என்று என்னையும் கேட்டார்கள். ஓட்டிவிடாதீர்கள், இந்தப் படத்தின் உயிரே இந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அந்த வீட்டில் ஹெலன் என்ற அம்மாவும் பாபி என்ற பையனும் இருக்கிறார்கள். “இனிமே பாபிய மட்டும் பாரு” என்று காதோடு சொல்லுங்கள், அது ஒன்றே போதும். என் மகள் அப்படித்தான் திரும்ப உள்ளே வந்தாள்.

பாபி இவரை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிக்கொண்டு போகிறான். முதலில் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டம். அவன் அப்பா இத்தாலியில் ஆன்ஸியோ சண்டையில் இறந்தவர். இங்கே கிடக்கிற எல்லோரும் போரில் செத்தவர்களா என்று கேட்கிறார் க்ளாட்டு. உங்கள் ஊரில் போரே கிடையாதா என்று பையன் கேட்க, இல்லை என்கிறார். அது நல்ல யோசனையாக இருக்கிறதே என்கிறான் அவன், சாதாரணமாக, ஐஸ்கிரீமைப் பற்றிச் சொல்கிற குரலில். பெரிய வசனமாக எழுதியிருந்தால் இது எடுபட்டிருக்காது. அடுத்து சினிமாவுக்குப் போகக் காசு வேண்டுமே என்று வருகிறது. க்ளாட்டுவிடம் டாலர் இல்லை, வைரம்தான் இருக்கிறது. பாபி தன்னிடம் இருக்கிற இரண்டு டாலரைக் கொடுத்துவிட்டு இரண்டு வைரத்தை வாங்கிக்கொள்கிறான். அதற்கு அப்புறம், இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம், நான் மற்றவர்களை ஏமாற்றிப் பொருள் வாங்கினால் அவளுக்குப் பிடிக்காது என்கிற மாதிரி கேட்டுக்கொள்கிறான். என் வீட்டில் படம் முழுக்கச் சத்தமாகச் சிரித்தது அந்த இடத்தில்தான்.

இதற்கு முன்னாலேயே வந்துபோகும் இன்னொன்றும் கண்ணில் பட வேண்டும் என்று ஆசைப்படுவேன், ஆனால் சுட்டிக்காட்ட மாட்டேன், பெரியவர்கள் நீங்கள் மட்டும் பாருங்கள். ஆஸ்பத்திரிக் காட்சியில் டாக்டர்கள், இவருக்கு 78 வயதாம், அவர்கள் ஊரில் 130 வருடம் உயிரோடு இருப்பார்களாம் என்று வியக்கிறார்கள். மருத்துவம் அங்கே அவ்வளவு முன்னேறிவிட்டதாம். அதைப் பேசிக்கொண்டே சிகரெட்டைப் பற்ற வைக்கிறார்கள்.

பேராசிரியர் பார்ன்ஹார்ட்டின் வீட்டில் ஒரு கரும்பலகை வருகிறது, பாதியில் நிற்கும் கணக்கு. க்ளாட்டு உள்ளே புகுந்து அதில் ஒரு வரியைத் திருத்துகிறார். வீட்டு அம்மாள் அதை அழிக்கப் போக, அழிக்காதீர்கள், பேராசிரியருக்கு அது ரொம்பத் தேவைப்படும் என்கிறார். கணக்கு வரும் பிள்ளை வீட்டில் இருந்தால் அங்கே கண்டிப்பாக நிமிர்ந்து உட்காரும். பேராசிரியராக நடித்த சாம் ஜாஃபி அப்போது அரசியல் சந்தேகத்தில் ஹாலிவுட் ஒதுக்கிவைத்த ஆள், எதிர்ப்பு இருந்தும் அவரை இதில் விட்டுவிடாமல் வைத்துக்கொண்டார்கள். போலீசும் பத்திரிகையும் அக்கம்பக்கமும் சந்தேகத்தில் ஆளைத் தேடுகிற கதையில் அவர் வந்து நிற்பது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சில் தட்டும்.

அடுத்து, பூமி நிற்கும் அரை மணி நேரம். தன் சக்தியைக் காட்ட க்ளாட்டு உலகம் முழுக்க மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார். நம் பிள்ளைகளுக்குக் கரண்ட் கட் புதிதில்லை, அதனால் இதற்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்பார்கள். அப்போது மட்டும் ஒரு வாக்கியம் சொல்லலாம், இன்வெர்ட்டர் ஓடாது, பைக் ஓடாது, உலகத்திலேயே எதுவும் ஓடாது என்று. ஆஸ்பத்திரிகளும் வானத்தில் பறக்கும் விமானங்களும் மட்டும் தப்பிக்கின்றன, அதைக் கேட்டதும் அவர் நல்லவர்தான் என்று என் தங்கச்சி பையன் முடிவு செய்துவிட்டான்.

கோர்ட்டைப் பற்றி படம் முடிந்தபிறகு சொல்லுங்கள், முன்னால் சொன்னால் பயம் போய்விடும். உள்ளே இருந்தவர் லாக் மார்ட்டின், ஏழு அடிக்கும் மேல் உயரம், ஹாலிவுட்டில் ஒரு பெரிய தியேட்டரின் வாசலில் வேலை பார்த்தவர். ரப்பர் உடை இரண்டு தைத்திருந்தார்கள், ஒன்றுக்குக் கட்டு முன்னால், இன்னொன்றுக்குப் பின்னால், எந்தப் பக்கத்திலிருந்து படமெடுக்கிறார்களோ அதற்கேற்ப மாற்றிப் போட்டால் தையல் தெரியாது. உள்ளே வேக்காடு, நீண்ட நேரம் இருக்க முடியாது. அவ்வளவு உயரமான மனுஷனுக்கு உடம்பில் பலம் இல்லை, ஹெலனாக நடித்த பாட்ரிசியா நீலைத் தூக்க முடியாமல் கம்பி கட்டித்தான் தூக்கவைத்தார்கள். இதைக் கேட்டதும் பிள்ளைகள் அந்தக் காட்சியைத் திரும்பப் போடச் சொல்வார்கள், போடுங்கள்.

ஹெலன் இருட்டில் ரோபோவின் முன்னால் விழுந்து, முகமூடி திறந்து ஒளி வரும் நேரத்தில், “க்ளாட்டு பராடா நிக்டோ” என்று சொல்லும் இடம் வரும். அர்த்தம் என்னவென்று படம் சொல்லவே இல்லை. நீங்களும் சொல்லாதீர்கள். அடுத்த ஒரு மாதத்துக்கு வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் மந்திரம், குளிக்கக் கூப்பிட்டால்கூட அந்த மூன்று சொல்தான் வரும்.

கடைசிப் பேச்சைப் பற்றி. க்ளாட்டு விஞ்ஞானிகளிடம், உங்கள் சண்டையை மற்ற கிரகங்களுக்குக் கொண்டுவந்தால் கோர்ட் மாதிரியான ரோபோ காவலர்கள் பூமியைச் சாம்பலாக்கிவிடுவார்கள், முடிவு உங்கள் கையில் என்கிறார். பெரியவர்கள் பலர் இதை அன்பான செய்தி என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, மிரட்டல் அதில் இருக்கிறது, அதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். நன்றாக இருந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள், நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். “ரோபோதான் போலீஸ்னா உனக்குச் சம்மதமா?” என்று கேளுங்கள். என் மகள் சம்மதம் என்றாள், யாருக்கும் பயந்து நடக்காத போலீஸ் வேண்டும் என்றாள். தங்கச்சி பையன், அது தப்பாகப் புரிந்துகொண்டால் யார் நிறுத்துவது, ஹெலன் ஆன்ட்டிக்கு மட்டும்தானே அந்த வார்த்தை தெரியும் என்றான். விளக்கைப் போடாமலே பதினோரு மணி வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் குறுக்கே போகவில்லை.