கடாசிலுக்குத் தோல் பயாப்சி: ஆழமாக எடுங்கள், எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள்

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் தோல் சாம்பிள் பார்ப்பது என் வேலை. "கடாசில் சந்தேகம்" என்று சீட்டு வந்தால், முதலில் அது எந்தத் திரவத்தில் வந்திருக்கிறது என்றுதான் பார்ப்பேன். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

கடாசில், மூளையின் சிறு தமனிகளைக் கெடுக்கும் பரம்பரை நோய். ஒற்றைத் தலைவலி, நடுவயதில் பக்கவாதம், அப்புறம் நினைவுக் குறைவு. காரணமான நாட்ச்3 மரபணு 1996இல் அடையாளம் காணப்பட்டது. தமனிக் கோளாறு தோலிலும் தெரியும் என்பதால் மூளையைத் தொடவே வேண்டாம். முதலில் மரபணுச் சோதனைதான். அதில் கண்ட மாற்றம் நோய்க்குக் காரணமா என்று தீர்மானிக்க முடியாதபோது தோல் கைகொடுக்கும்.

மேற்கையில், மரக்க ஊசி போட்டு, 4 மி.மீ. 'பஞ்ச்' கருவியால் (தோலை வட்டமாகத் துளைத்தெடுப்பது) எடுங்கள். துண்டின் அடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரிய வேண்டும். நாம் தேடும் நுண்தமனிகள் தோலும் கொழுப்பும் சேரும் இடத்தில்தான் ஓடுகின்றன. மேலாகச் சீவியெடுத்த தோலால் பயனில்லை. நோயாளி ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள், நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் நன்றாக அழுத்திப் பிடித்து ஒரு தையல் போட்டால் போதும்.

எடுத்த உடனே ஒரு பகுதியை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்காக 1 மி.மீ. துணுக்குகளாக்கி, திசுவைக் கெடாமல் வைக்கும் 2.5% குளுட்டரால்டிஹைடில் போடுங்கள். அந்தத் திரவம் மெதுவாகத்தான் உள்ளே ஊறும், துண்டு பெரிதாக இருந்தால் நடுப்பகுதி கெட்டுவிடும். ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். மீதியை நாட்ச்3 ஆன்டிபாடி சாயச் சோதனைக்கு உறைநிலையில் அனுப்புவதா, ஃபார்மலினிலா என்று ஆய்வகத்தைக் கேட்டுக்கொண்டு பிறகு கத்தியை எடுங்கள்.

நான் தேடுவது, தமனியின் மென்தசைச் செல்லை ஒட்டிய அடிச்சவ்வில் கருமையான துகள் படிவுகள். பெரும்பாலும் செல்லின் சிறு குழியில் உட்கார்ந்திருக்கும். ஒன்று தெளிவாகக் கிடைத்தாலே கடாசிலுக்கு வலுவான ஆதாரம். கிடைக்காவிட்டால் ரிப்போர்ட்டில் எத்தனை நுண்தமனி பார்த்தார்கள் என்று தேடுங்கள். ஒரே ஒரு தமனி பார்த்துவிட்டு எழுதிய "இல்லை"யை நான் ஏற்கமாட்டேன். பிளாக்கை (திசுவைப் பதித்து வைத்த கட்டியை) இன்னும் ஆழமாக வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சீட்டில் எம்ஆர்ஐ விவரத்தையும் மரபணு மாற்றத்தையும் எழுதுங்கள். ஊசி போடும் முன் நோயாளியோடு உட்கார்ந்து பேசுங்கள்: நோய் உறுதியானால் அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் 50% வாய்ப்பு உண்டு. அறிகுறி இல்லாத சிறு பிள்ளைகளைச் சோதனைக்கு அழைத்துவரச் சொல்லாதீர்கள். வளர்ந்தபின் அவர்களே முடிவெடுக்கட்டும்.